குமரிமுனைக்கு வந்த பறவை மனிதர்



மாசி, பங்குனி மாதங்களில் மணக்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? நம் பழையாறு கடலில் கலக்கும் இடம் அது. அருகிலேயே புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள் இருக்கின்றன. அங்கே சேற்றிலும் உப்புப் பாத்திகளிலும் சின்னஞ்சிறு பறவைகள் கூட்டம் கூட்டமாக ஓடியாடி இரை பொறுக்கும். அவற்றில் பல நம் ஊர்ப் பறவைகள் அல்ல. குளிர்காலத்தைக் கழிக்க வந்த விருந்தாளிகள்.

விருந்தாளி என்றால் ஒருநாள் ஊர் திரும்பத்தானே வேண்டும்? பங்குனி பிறந்ததும் இந்தப் பறவைகள் பயணத்துக்குத் தயாராகின்றன. வழிச்சாப்பாட்டுக்கு அவை பொட்டலம் கட்டுவதில்லை. வயிறு நிறையத் தின்று, உடம்பிலேயே கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கின்றன. புதுச் சட்டையும் போட்டுக்கொள்கின்றன. மூக்கு வளைந்த உள்ளான் ஒன்று உண்டு. நம் ஊருக்கு வரும்போது அதன் நிறம் சாம்பல். போகும்போது செங்கல் சிவப்பு! அது போய்ச் சேரும் இடம் சைபீரியாவின் வடகோடி. சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளானும் அப்படித்தான், பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வட துருவத்தை ஒட்டிய நிலத்துக்குப் போகிறது.

ஒரு சந்தேகம் வருகிறதா? பறவை பேசாது, கடிதம் போடாது. அது எங்கே போகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் அதைத் தெரிந்துகொள்ள வழிசெய்தவர்களில் முதன்மையானவர் சலீம் அலி. பறவை மனிதர் என்று நாடே அழைத்த அவருடைய வாழ்க்கையை இன்று தெரிந்துகொள்வோம். அவர் நம் குமரிமுனைக்கும் வந்தவர் ஆயிற்றே!

மாமா வீட்டுப் பிள்ளை

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார் சலீம் அலி. வீட்டில் பிள்ளைகள் நிறைய. அவர்தான் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தை இறந்துபோனார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். அநாதையாக நின்ற பிள்ளைகளைத் தாய்மாமா அமிருதீன் தியாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் தங்கள் பிள்ளைகளைப் போலவே வளர்த்தார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். அந்தக் காலத்தில் வேட்டையாடுவது பெருமையாகக் கருதப்பட்டது. சிறுவன் சலீமுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஆம் பிள்ளைகளே, பிற்காலத்தில் பறவைகளுக்காக வாழ்ந்தவர், சிறுவயதில் பறவைகளைச் சுட்டவர்தான்!

ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய குருவி ஒரு மாதிரியாக இருந்தது. சிட்டுக்குருவி போலத்தான் தெரிந்தது. ஆனால் தொண்டையில் மஞ்சள் தீற்றியது போல ஒரு திட்டு. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான் சலீம். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி மழுப்பாமல், தெரிந்தவரிடம் அனுப்பினார் அந்த நல்ல மனிதர்.

மும்பையில் 1883-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். அதன் செயலாளராக அப்போது இருந்தவர் மில்லார்டு என்ற ஆங்கிலேயர். செத்த குருவியைக் கையில் எடுத்துக்கொண்டு பயந்து பயந்து உள்ளே போனான் சிறுவன். மில்லார்டு அவனை அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விட்டுவிடவில்லை. அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். இத்தனை வகைப் பறவைகளா என்று வியந்து நின்றான் சலீம். அவனுடைய வாழ்க்கை அன்றைக்கே திசை திரும்பிவிட்டது.

படிப்பில் தடுமாற்றம்

சலீம் அலி வகுப்பில் முதல் மாணவராக இருந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. கணக்கு என்றாலே அவருக்குக் கசப்பு. அடிக்கடி கடுமையான தலைவலி வேறு வரும். அதனால் பள்ளிக்குச் செல்வது தடைப்பட்டது. வறண்ட காற்று உடம்புக்கு நல்லது என்று சிந்து மாகாணத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஒருவழியாக 1913-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர்ந்தார். முதலாண்டிலேயே படிப்பை விட்டுவிட்டார்.

பிறகு பர்மாவுக்குப் போனார். இன்று அந்த நாட்டின் பெயர் மியான்மர். அங்கே தவாய் என்ற ஊரில் குடும்பத்தாருக்கு டங்ஸ்டன் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. குண்டு பல்பின் உள்ளே மெல்லிய இழை இருக்குமே, அந்த இழை செய்யும் உலோகம்தான் டங்ஸ்டன். தொழிலைக் கவனிக்கப் போனவரைச் சுற்றிலும் இருந்த அடர்ந்த காடு இழுத்தது. காட்டில் பறவைகள்! தொழில் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1917-இல் ஊர் திரும்பினார். காலையில் ஒரு கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்குப் பதிவியலும் படித்தார். பிளாட்டர் என்ற பாதிரியார் அவருடைய உண்மையான ஆர்வம் எதில் என்று கண்டுகொண்டு தூண்டவே, தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் படித்து முடித்தார். ஆனாலும் பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. 1918-இல் தெஹ்மினா என்ற பெண்ணுடன் அவருக்குத் திருமணம் நடந்தது.

பட்டம் இல்லாத காரணத்தால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை வல்லுநர் வேலை அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. 1926-இல் மும்பை அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு அங்குள்ள பறவைகள், விலங்குகள் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, தமக்குத் தெரிந்தது போதாது என்று அவருக்குத் தோன்றியது. 1928-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போனார். பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பறவையியல் பேராசிரியர் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். ஹெலிகோலாந்து என்ற தீவில், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் முறையையும் கற்றுக்கொண்டார். இந்த வளையத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1930-இல் ஆசையோடு ஊர் திரும்பினார். அதிர்ச்சிதான் காத்திருந்தது. பணம் இல்லை என்று சொல்லி அவருடைய வேலையையே எடுத்துவிட்டார்கள்!

தூக்கணாங்குருவி சொன்ன ரகசியம்

கையில் வேலை இல்லை. மும்பையில் குடியிருக்க வசதி இல்லை. கடலுக்கு அக்கரையில் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் மனைவியின் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. இருவரும் அங்கே போனார்கள். வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். சலீம் அலியோ அண்ணாந்து பார்த்தார். மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

மறைவிடம் அமைத்து, நாள்தோறும் மணிக்கணக்காக அவற்றைக் கவனித்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்தார். அப்போது ஓர் அதிசயம் தெரிந்தது. கூடு கட்டுவது ஆண் குருவி. பாதிக் கூடு ஆனதும் பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். நாம் வீடு வாடகைக்குப் பார்ப்பதுபோலத்தான்! பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் போய்விடும். பெண் குருவிக்குப் பிடித்த பிறகே ஆண் குருவி மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். முடித்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும், இன்னொரு பெண் குருவிக்காக!

இதை அவர் கட்டுரையாக வெளியிட்டபோது, பறவை அறிஞர்கள் நடுவே அவர் பெயர் பரவியது. வேலை போன காலத்தில், செலவில்லாமல், ஒரு மரத்தடியில் கிடைத்த புகழ் அது.

1933-இல் நம் மண்ணில்

அப்போது இந்தியாவில் பல சமஸ்தானங்கள் இருந்தன. அந்தந்த நாட்டில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாரும் முறையாகக் கணக்கெடுத்து முடிக்கவில்லை. சலீம் அலி ஒரு யோசனை சொன்னார். சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும், பறவைகளை ஆராய்ந்து தருகிறேன் என்றார். முதலில் ஐதராபாத் சமஸ்தானம் சம்மதித்தது. அடுத்து 1933-இல் திருவிதாங்கூரும் கொச்சியும்.

அந்த நாளில் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆகவே மூணாறு மலை தொடங்கித் தென்கோடி வரை வந்த சலீம் அலி, ஆரல்வாய்மொழியிலும் குமரிமுனையிலும் பறவைகளை ஆராய்ந்தார். வசதியாக வளர்ந்த தெஹ்மினாவும் கணவரோடு காடு மேடெல்லாம் அலைந்தார். கூடாரத்தில் தங்கினார். முகாமைக் கவனித்துக்கொண்டார்.

அந்த ஆய்வு 1953-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் என்ற நூலாக வெளிவந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதே நாளில் கேரள மாநிலமும் உருவானது. 1969-இல் அந்த நூலின் மறுபதிப்பு கேரளப் பறவைகள் என்ற பெயரில் வந்தது. நாடுகளின் பெயர் மாறியது, எல்லை மாறியது. பறவைகளுக்கு அதெல்லாம் தெரியுமா? அவை அதே குளத்துக்கு, அதே கழிமுகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

இத்தனை சுற்றுப் பயணங்களிலும் துணையாக இருந்த தெஹ்மினா, 1939-இல் ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். சலீம் அலிக்கு அது பேரிடி. தங்கள் வீட்டுக்கே வந்து தங்கும்படி சகோதரியும் அவருடைய கணவரும் அழைத்துக்கொண்டார்கள். துக்கத்தை வேலையில் கரைத்தார் அவர். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் படங்களோடு வெளிவந்தது. சாதாரண மக்களும் பறவைகளைப் பார்த்துப் பெயர் சொல்ல வழிகாட்டிய நூல் அது. பிறகு ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து, 1968 முதல் 1974 வரை 10 பெரிய தொகுதிகளை வெளியிட்டார். இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் அறிஞர்கள் புரட்டிப் பார்க்கும் நூல் அது.

மோட்டார் சைக்கிள் என்றால் சலீம் அலிக்குக் கொள்ளை ஆசை. 1950-இல் சுவீடன் நாட்டில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தம் வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் அதிலேயே சுற்றினார். அப்போது அவருக்கு வயது 53!

கோடியக்கரையில் காலுக்கு வளையம்

இப்போது அந்த வளையத்துக்கு வருவோம். 1950-களின் இறுதியில், இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சார்பில் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார் சலீம் அலி. வலசை வரும் பறவைகளைக் காயம் படாமல் பிடிக்க வேண்டும். எடை போட வேண்டும். இறக்கையை அளக்க வேண்டும். பிறகு காலில் ஓர் எடை குறைந்த அலுமினிய வளையத்தை மாட்டிப் பறக்கவிட வேண்டும். வளையத்தில் ஓர் எண் இருக்கும். சங்கத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லும் குறிப்பும் இருக்கும்.

அந்தப் பறவை எங்கோ ஒரு நாட்டில் யாராவது ஒருவர் கையில் கிடைக்கும். அவர் வளையத்திலுள்ள எண்ணை எழுதி அனுப்புவார். அவ்வளவுதான், எந்த ஊர்ப் பறவை எந்த ஊருக்குப் போயிற்று, எத்தனை நாளில் போயிற்று என்று தெரிந்துவிடும். பறவை கடிதம் போடாது என்றேன் அல்லவா? அதன் காலிலேயே கடிதத்தைக் கட்டி அனுப்பிவிட்டார்கள்!

பறவைகளைப் பிடிப்பதற்குப் பீகாரிலிருந்து பரம்பரை வேடர்களை அழைத்துவந்தார்கள். பிடித்து விற்பதற்குப் பயன்பட்ட அவர்களுடைய கைத்திறன், பிடித்து அளந்து விடுவிக்கப் பயன்பட்டது. காற்றுத் துப்பாக்கிச் சிறுவன் பறவைக் காவலர் ஆனதுபோலத்தான் இதுவும்.

இந்த வேலை சிறப்பாக நடந்த இடங்களில் ஒன்று நம் தமிழ்நாட்டின் கோடியக்கரை. வேதாரண்யத்தை அடுத்து, கடல் ஓரத்தில் இருக்கிறது. காடு, சதுப்பு, உப்பளம் மூன்றும் ஒரே இடத்தில்! 1967-இல் அது வனவிலங்கு சரணாலயம் ஆயிற்று. பூநாரைகளும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே வந்து குவியும். அங்கே ஆய்வு நிலையம் அமைத்து ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிட்டார்கள். சைபீரியாவும் கோடியக்கரையும் ஒரே பறவைக்கு இரண்டு வீடுகள் என்பது இப்படித்தான் உறுதியாயிற்று.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு. நடுவே தங்கிச் செல்லும் குளங்கள் பல. இவற்றில் ஒன்றை மண் போட்டு மூடினாலும் அந்தப் பறவையின் பயணம் கெடும். இதை உணர்ந்ததால்தான் சலீம் அலி பறவைகளைப் படிப்பதோடு நிற்காமல், அவை வாழும் இடங்களுக்காகவும் வாதாடினார். பரத்பூர் சரணாலயத்துக்காகப் பாடுபட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று குரல் கொடுத்தார். அந்தக் காடு காப்பாற்றப்பட்டது. இயற்கை வரலாற்றுச் சங்கம் பணமில்லாமல் தள்ளாடியபோது, பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றார்.

1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன. பன்னாட்டுப் பரிசாக 50,000 டாலர் கிடைத்தபோது, அதை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. அந்த நூலின் பெயரிலும் சிறுவயதில் வீழ்த்திய அந்தச் சிட்டுதான் இருக்கிறது! 1987-இல், 90 வயதில் அவர் காலமானார். கோவை அருகே ஆனைகட்டியில் 1990-இல் தொடங்கப்பட்ட பறவை ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

75 ஆண்டுக்குப் பிறகும் உதவிய குறிப்பு

2009-இல் கேரளத்துப் பறவை ஆர்வலர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1933-இல் சலீம் அலி முகாமிட்ட அதே இடங்களுக்குப் போனார்கள். எந்தப் பறவை இன்னும் இருக்கிறது, எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இது எப்படி முடிந்தது? எந்த நாள், எந்த இடம், எந்தப் பறவை என்று சலீம் அலி ஒழுங்காக எழுதிவைத்திருந்ததால் முடிந்தது. நன்றாகக் கவனித்து, உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரு குறிப்பு, எழுதியவர் மறைந்த பிறகும் வேலை செய்கிறது பார்த்தீர்களா!

நம் நாஞ்சில் நாட்டிலும் எத்தனையோ வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. குளங்கள் சுருங்கிவருகின்றன. நல்ல செய்தியும் இருக்கிறது. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன. இனி அங்கே எத்தனை பறவைகள் வருகின்றன, கூடுகிறதா குறைகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாமே!

நீங்களும் பறவை பார்க்கலாம்

* பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், பெரியவர்களோடு மணக்குடிக்கோ தேரூர்க் குளக்கரைக்கோ போங்கள். கழிமுகச் சேறு ஆழமானது. கரையில் நின்றே பாருங்கள்.

* பளிச்சென்ற சட்டை வேண்டாம். பச்சை, காக்கி, மண் நிறம் நல்லது. சத்தம் போடக்கூடாது.

* கூட்டத்தைக் கல்லெறிந்து கலைக்காதீர்கள். ஒவ்வொரு முறை பயந்து பறக்கும்போதும், நீண்ட பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பு வீணாகிறது.

* பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். சிட்டுக்குருவி, மைனா, காகம், இவற்றில் எதன் அளவு? மூக்கு நேரா, வளைவா? கால் என்ன நிறம்? என்ன செய்துகொண்டிருந்தது? இதைக் குறித்து வந்து, பிறகு நூலில் தேடுங்கள்.

* பெரிய கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அதே அளவில் எத்தனை பத்து இருக்கிறது என்று மதிப்பிடுங்கள்.

* தேதி, நேரம், இடம் இந்த மூன்றையும் எழுத மறக்கவே கூடாது. இவை இல்லாத குறிப்பு, முகவரி இல்லாத கடிதம்.

* இறந்த பறவையின் காலில் வளையம் தென்பட்டால், கையால் தொடாமல் வளையத்தின் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு ஆசிரியரிடமோ வனத்துறையினரிடமோ சொல்லுங்கள்.

ஒரு பழைய நோட்டும் ஒரு பென்சிலும் போதும். அடுத்த பங்குனியில் அதே இடத்துக்குப் போய் மறுபடியும் எண்ணி எழுதுங்கள். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குளம் எப்படி இருக்கிறது என்பதை அந்தப் பறவைகளே உங்களுக்குச் சொல்லும்.